என்பிஏ முகாமைக் காதால் கேளுங்கள்: முன்பருவப் பயிற்சி பற்றி ரசிகர்களின் அனுபவப் பகிர்வு

(குறிகளால் பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு ரசிகரின் பகிர்வு.) வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் செப்டம்பர் கடைசியில் மீடியா டே. போட்டோவும் பேட்டியும் முடிந்த மறுநாள் காலையே முகாம் ஆரம்பித்துவிடும். அங்கிருந்து முதல் லீக் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம்தான். முன்பெல்லாம் முன்பருவத்தில் (லீக் தொடங்கும் முன் ஆடும் பயிற்சி ஆட்டங்களில்) எட்டு ஆட்டங்கள் வரை உண்டு. 2017இல் சீசனை முன்னதாகத் தொடங்குவதற்காக அதை ஆறாகக் குறைத்துவிட்டார்கள். புதுப் பயிற்சியாளர் வந்திருக்கும் அணிக்கு இதனால் ஒவ்வொரு நாளும் பொன் மாதிரி.

அணிகள் வெளியிடும் பயிற்சி வீடியோக்களில் பெரும்பாலும் டங்கும் (பந்தை வளையத்துக்குள் அமுக்குவது) த்ரீயும்தான் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) இருக்கும். அவற்றைச் சத்தம் கூட்டி வைத்துப் பார்க்கச் சொல்வேன். எதிரணி சென்டர் (அணியின் உயரமான வீரர்) ஸ்கிரீன் வைக்க, அதாவது நம் ஆளின் வழியை உடம்பால் மறிக்கக் கிளம்பியதுமே அவரைக் காக்கும் நம் சென்டர் ‘லெஃப்ட், லெஃப்ட்’ என்று கத்த வேண்டும். முன்னால் நின்று பந்து வைத்திருப்பவரைக் காக்கும் கார்டுக்கு முதுகில் கண் கிடையாது. குரல் முன்கூட்டியே வந்தால் அவர் இடுப்பைத் திருப்பி, பந்தோடு ஒட்டிக்கொண்டு ஸ்கிரீனுக்கு மேலாக நுழைந்துவிடுவார். ஸ்கிரீன் பதிந்த பிறகு வந்தால் மோதி நின்றுவிடுவார். அந்த நொடியில் சென்டர் ஒருவரே இரண்டு பேரைக் காக்க வேண்டியதாகிவிடும். டிஃபென்ஸ் ஓட்டை என்று ஜனவரியில் நாம் திட்டுவதில் பாதி, அக்டோபரில் தாமதமாக வந்த இந்தக் குரல்தான்.

இன்னொன்று, சென்டர் எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பது. டிராப் ஆடும் அணியில் அவர் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழே காத்திருப்பார். வளையத்துக்கு அருகே போடும் லே-அப் கிடைக்காது, ஆனால் நின்ற இடத்திலிருந்தே எழுந்து சுடும் கார்டுக்கு வழி திறந்திருக்கும். அவரை ஸ்கிரீன் மட்டத்துக்கு ஏற்றி நிறுத்தினால் அந்த ஷாட் அடைபடும். அதற்கு விலையாக, பின்னால் ரிம்மை (வளையத்தை) நோக்கி ஓடுபவரைத் தடுக்க மூலையிலிருந்து ஒருவர் உள்ளே வர வேண்டும். முதல் இரண்டு நாளில் இவற்றில் எதற்கு அதிக நேரம் போகிறது என்று கவனித்தால் பயிற்சியாளரின் மனம் தெரிந்துவிடும்.

* * *

மூலையிலிருந்து உள்ளே வருவதைப் பழக்குவதற்குத்தான் ஷெல் டிரில். திறந்த பயிற்சிக்குப் போகிறவர்களில் பலர் இதை வார்ம்-அப் என்று நினைத்து போனை எடுத்துவிடுகிறார்கள். முகாமிலேயே பார்க்கத் தகுந்தது இதுதான்.

நான்கு பேர் தாக்குதல், நான்கு பேர் தடுப்பு. தாக்குபவர்களில் இருவர் மேலே (வளையத்துக்கு எதிரே, தூரத்தில்), இருவர் மூலைகளில். முதல் கட்டத்தில் டிரிபிள் (பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது) கிடையாது. பாஸ் மட்டும், ஒவ்வொருவரும் ஓரிரு விநாடி பந்தை வைத்திருந்து கொடுப்பார்கள். பந்து காற்றில் இருக்கும்போதே தடுப்பவர்கள் நால்வரும் நகர்ந்து முடித்திருக்க வேண்டும். கையில் விழுந்த பிறகு நகர்பவர் ஒவ்வொரு முறையும் அரை அடி தாமதம். அடுத்த கட்டம் பேஸ்லைன் டிரைவ்: தாக்குபவர் ஒருவர் வளையத்துக்குப் பின்னுள்ள எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தோடு உள்ளே பாய்வது. எதிர்ப்பக்கம் கீழே காப்பவர் பெயின்ட்டை (வளையத்துக்கு முன்னுள்ள வண்ணம் பூசிய கட்டம்) கடந்து வந்து டிரைவை வெளியிலேயே நிறுத்துவார். அவர் விட்டு வந்த ஆளையும் தன் ஆளையும் சேர்த்து, மேலே இருந்தவர் இறங்கி வந்து நடுவில் நின்று காப்பார். அங்கிருந்து எதிர் மூலைக்கு நீளமாக ஒரு பாஸ். இறங்கி வந்தவர் மூலைக்குப் பாய, டிரைவை நிறுத்தியவர் மேலே இருப்பவரிடம் ஓட, இருவரின் பாதையும் குறுக்கே வெட்டும். இதை எக்ஸ்-அவுட் என்பார்கள்.

தப்பு பெரும்பாலும் கடைசி மூன்று அடியில் நடக்கிறது. வேகமாகப் பாய்ந்து வந்தவர் காலடிகளைச் சிறிதாக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கையை உயர்த்த வேண்டும். நிமிர்ந்தபடியே வந்தால் ஒரு பம்ப் ஃபேக் (ஷாட் போடுவது போன்ற பாவனை) போதும், அவர் பறந்து போய்விடுவார். தூரமும் கொஞ்சமல்ல. என்பிஏவில் த்ரீ கோடு மேலே 7.24 மீட்டர், மூலையில் 6.71 மீட்டர். ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் மேலே 6.75, மூலையில் 6.60. மேலே உள்ள அந்த அரை மீட்டர் சின்னது போலத் தோன்றும். நாற்பது தடவை ஓடியபின் கால் அதைச் சொல்லும்.

* * *

ஷெல் டிரில்லோடு சேர்த்து ஒன்று. ஐரோப்பாவிலிருந்து வரும் அனுபவசாலிகளே முகாமில் தடுமாறும் இடம், 2001-02 சீசனில் என்பிஏ கொண்டுவந்த டிஃபென்சிவ் த்ரீ செகண்ட்ஸ் விதி. யாரையும் கை எட்டும் தூரத்தில் காக்காமல் பெயின்ட்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களிடமே. ஃபிபாவில் தடுப்பவருக்கு இந்தத் தடை இல்லை, சென்டர் ரிம்முக்குக் கீழேயே குடியிருக்கலாம். அப்படிப் பத்து வருடம் ஆடியவருக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே நகர்வது புதுப் பழக்கம். முகாமில் உதவிப் பயிற்சியாளர்கள் ஓரமாக நின்று உரக்க எண்ணுவது இதற்காகத்தான். வெளிநாட்டிலிருந்து வந்த சென்டர் முதல் மூன்று ஆட்டத்தில் தாமதமாக உதவிக்கு வந்தால் உடனே மெதுவானவர் என்று முத்திரை குத்தாதீர்கள். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

* * *

ஓட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கூடைப்பந்து வீரர்கள் பெயர் கேட்டாலே முகம் சுளிக்கும் சோதனை ‘செவன்டீன்ஸ்’. மைதானத்தின் அகலம் 50 அடி. பக்கக் கோட்டிலிருந்து பக்கக் கோட்டுக்கு ஒரு நிமிடத்தில் 17 முறை ஓட வேண்டும். கூட்டினால் 259 மீட்டர்தான். ஆனால் நடுவில் 16 முறை நின்று திரும்ப வேண்டும். மூச்சை வாங்குவது அந்தத் திருப்பம்தான். உயரமான சென்டர்களுக்குச் சில விநாடி சலுகை கொடுப்பது வழக்கம். தோற்பவர்கள் பெரும்பாலும் முதல் ஐந்து அகலத்தை முழு வேகத்தில் ஓடியவர்கள். ஒரே காலை ஊன்றித் திரும்புகிறவர்கள் அடுத்த வகை: பத்தாவது திருப்பத்துக்குள் அந்தத் தொடை இறுகிவிடும்.

கோடை முழுக்க ஆடியவர் ஏன் முகாமில் இப்படித் திணறுகிறார் என்று கேட்பவர்களுக்கு: கோடையில் நடக்கும் ஆட்டங்களில் தடுப்பு பாதி வேகம்தான். முகாமில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு முழு பிரேக் உண்டு. பிரேக் போடும்போது தொடை முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அந்த வலி அன்றைக்கே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். அதனால் மூன்றாம் நாள் ஸ்கிரிமேஜில் (அணிக்குள்ளேயே ஆடும் பயிற்சி ஆட்டம்) ஷாட் எல்லாம் ரிம்மின் முன்விளிம்பில் பட்டு விழும். கால் கனத்தால் பந்து எட்டாது. அன்றைய வீடியோவை வைத்து ஒருவரின் ஷூட்டிங்கைத் தீர்மானிப்பது அநியாயம்.

காயங்களும் இந்த வாரத்தில்தான் கூடுதல். அடுத்தவர் பாதத்தின் மேல் இறங்கிக் கணுக்காலை வெளிப்பக்கமாகப் பிரட்டிக்கொள்வதைத் தவிர்க்க முடியாது. கெண்டைக்கால், தொடைப் பின்தசைப் பிடிப்பு வேறு கதை. ஒரே வாரத்தில் சுமையைத் திடீரென்று ஏற்றியதன் விளைவாக இருக்கலாம். பயிற்சியில் வீரர்கள் உடம்பில் சென்சார் கட்டியிருப்பதன் காரணம் இதுவே. ஆட்டங்களில் அதற்கு அனுமதி இல்லை. ஒரு நட்சத்திரம் ‘ஓய்வு’ என்று ஒருநாள் உட்கார்ந்தால் பதறாதீர்கள். இரண்டு நாள் தொடர்ந்து உட்கார்ந்தால் கவனியுங்கள்.

2010இல் மயாமி ஹீட் அணி லெப்ரான் ஜேம்ஸ், டுவேன் வேட், கிறிஸ் பாஷ் மூவரையும் கூட்டிக்கொண்டு ஃபுளோரிடாவின் ஹர்ல்பர்ட் ஃபீல்ட் விமானப்படைத் தளத்தில் முகாம் போட்டது. முதல் முன்பருவ ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே வேட் தொடைப் பின்தசையைக் காயப்படுத்திக்கொண்டார். மூவரும் சேர்ந்து ஆடிப் பழகும் நேரம் அங்கேயே பறிபோயிற்று. சீசனை 9-8 (ஒன்பது வெற்றி, எட்டு தோல்வி) என்று தொடங்கினார்கள். பிறகுதான் ஓடத் தொடங்கி, இறுதிப் போட்டி வரை போனார்கள்.

* * *

நட்சத்திரங்களை விடுங்கள். எனக்கு முகாம் என்றால் பட்டியலின் கடைசி ஆறு பேர்தான். 21 பேர் வரை வரலாம். சீசன் தொடங்கும்போது வழக்கமான ஒப்பந்தத்தில் 15, டூ-வே ஒப்பந்தத்தில் (என்பிஏவுக்கும் அதன் கீழ்நிலை லீக்கான ஜி-லீக்குக்கும் இடையே மாறி ஆடுவது) 3. டூ-வே இடம் 2023-24இல்தான் மூன்றானது, அதற்கு முன் இரண்டு. அந்த 15இலும் 13, 14 பேருக்குச் சம்பளம் ஏற்கெனவே உறுதியாகியிருக்கும். லக்சுரி டாக்ஸுக்கு (சம்பள மொத்தம் வரம்பைத் தாண்டினால் கட்டும் வரி) பயந்த அணி பதினைந்தாவது நாற்காலியைக் காலியாகவே விட்டுவிடும். ஆகவே ‘எல்லாருக்கும் வாய்ப்பு’ என்று பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டு முடிவுக்கு வராமல், ஒப்பந்த விவரத்தைப் படித்துவிட்டு முகாமைப் பாருங்கள்.

‘எக்ஸிபிட் 10’ என்று செய்தியில் வந்தால் அர்த்தம் இதுதான்: குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு வருட ஒப்பந்தம், உத்தரவாதம் இல்லை. சீசனுக்கு முன் அதை டூ-வேயாக மாற்றலாம். விடுவித்தால் அவர் அந்த அணியின் ஜி-லீக் கிளைக்குப் போய் 60 நாள் இருந்தால் போனஸ் தொகை கிடைக்கும். அதாவது அணி அவரை அனுப்ப நினைக்கும் இடம் பெரும்பாலும் முதலிலேயே முடிவாகியிருக்கும். டூ-வே வீரர் லீக் ஆட்டங்களில் 50க்கு மேல் பட்டியலில் இருக்க முடியாது, பிளே-ஆஃப் ஆட முடியாது. அதற்கு முன் வழக்கமான ஒப்பந்தம் கொடுத்தாக வேண்டும்.

நீக்கப்பட்டார் என்ற செய்தியோடு ஒருவர் கதை முடிந்துவிடாது. அலெக்ஸ் கரூசோவை 2016 அக்டோபரில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் முகாமிலிருந்து விடுவித்தது. அந்த சீசனை அவர் அவர்களுடைய கிளை அணியில் ஆடினார். 2017இல் லேக்கர்ஸின் டூ-வே, 2020இல் அவர்களோடு சாம்பியன். 2024இல் அதே தண்டர் அவரைப் பரிமாற்றத்தில் திரும்ப வாங்கியது, 2025இல் சாம்பியன் ஆனது. அவரை இந்த லீக்கில் நிலைக்க வைத்தது அவர் எடுத்த பாயின்ட் அல்ல. மேலே சொன்ன அந்த எக்ஸ்-அவுட், அந்தக் கடைசி மூன்று அடி.

* * *

முன்பருவ ஆட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. வழக்கமாக 36 சதவீதம் த்ரீ போடுகிறவர் முன்பருவத்தில் 20 ஷாட் எடுத்தால் சராசரியாக 7 விழ வேண்டும். வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டுமே அது 5 ஆகவோ 9 ஆகவோ மாறலாம். அதாவது 25 சதவீதமும் 45 சதவீதமும் ஒரே ஆள்தான். ஷாட் விழுந்ததா என்பதைவிட எங்கிருந்து, யார் கொடுத்த பாஸில், எவ்வளவு சீக்கிரம் எடுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோரும் அப்படியே. 2019 அக்டோபர் 4ஆம் தேதி மும்பையில் பேசர்ஸ் 132-131 என்று கூடுதல் நேரத்தில் கிங்ஸை வென்றது. மறுநாளும் 130-106 என்று வென்றது. அரங்கில் இருந்தவர்களுக்கு அது திருவிழா. அணிகளுக்கோ அது முகாமின் இன்னொரு வாரம்.

டைம்-அவுட் முடிந்து வரும் முதல் தாக்குதலைத் தவறவிடாதீர்கள். பயிற்சியாளர் பலகையில் எழுதியது அப்படியே நடக்கிறதா என்று அங்கேதான் தெரியும். கடைசிக்கு முந்தைய முன்பருவ ஆட்டத்தில், முதல் குவார்ட்டரில் ஆறு நிமிடம் மீதமிருக்கும்போது பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து வருபவர் யார், அவரோடு மைதானத்தில் தங்கும் நட்சத்திரம் யார் என்று பாருங்கள். கடைசி ஆட்டத்தில் சில அணிகள் முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிடும், அதை நம்ப முடியாது. முந்தைய ஆட்டத்தில் வரும் அந்த மாற்று வரிசைதான் பெரும்பாலும் அக்டோபர் கடைசியில் முதல் லீக் ஆட்டத்திலும் வரும்.