பியோனிப் பூச்செடி மொட்டே வைக்கலையே, ஏன்?

கேள்வி: வசந்தம் முடியப்போகுது. ஐரிஸ் பூத்துத் தள்ளுது, அல்லியம் ஊதாப் பந்து பந்தா நிக்குது. மூணு வருஷப் பியோனி மட்டும் வெறும் இலையா இருக்கு. நல்ல வெயில்தான். உரம் பத்தலையா?

பதில்: உரமில்லைங்க, ஆழம். கிழங்கோட சிவப்பு முளைக்கண் மண்ணுக்குள்ள 5 செ.மீ.க்கு மேல போச்சுன்னா இலை மட்டும்தான் வரும். அரை அடியில புதைச்சுட்டு நாலு வருஷம் வாய் பார்த்தவன் சொல்றேன்! இப்ப கை வைக்காதீங்க. இலையுதிர் காலத்துல தோண்டி, மேலாக நடுங்க. அடுத்த வருஷமே பூக்கும்னு நினைக்காதீங்க, கொஞ்சம் கோவிச்சுக்கும்.

கேட்டவர்: மொட்டுல எறும்பு மொய்க்குமாமே, மருந்து அடிக்கணுமா?

இன்னொருவர்: வேண்டவே வேண்டாம். மொட்டுல கசியுற தேனுக்கு வருது, பூவைக் கெடுக்காது. ஜாடிக்கு வெட்டும்போது உதறிடுங்க.