காலேஜ் ஃபுட்பால் (பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற அமெரிக்க ஆட்டம்) காசு: அமெரிக்காவில் நேரில் பார்த்தவங்க சொல்லுங்க

கொலம்பஸ்வாசி:
படிக்கப் போன புதுசு. மேட்ச் இருந்த சனிக்கிழமை காலையில பால் வாங்கக் கிளம்பினா, தெரு முழுக்கச் சிவப்புச் சட்டை. ஒருத்தர் "ஓ-எச்!"னு கத்தினா எதிர்ப்பக்கத்துல இருந்து "ஐ-ஓ!"னு பதில் வருது, ஓஹாயோவோட இங்கிலீஷ் எழுத்துகள். வீட்டு முன்னாடி புல்தரையில கார் நிறுத்தவிட்டு ஒரு பாட்டி காசு வாங்கிட்டு இருந்தாங்க. நம்ம ஊர் தேர்த்திருவிழாவேதான். ஓஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியோட ஓஹாயோ ஸ்டேடியத்துல ஒரு லட்சத்து ரெண்டாயிரம் பேருக்கு மேல உட்காரலாம். 2023 நிதியாண்டில் அந்த யுனிவர்சிட்டி விளையாட்டுத் துறைக்கு வந்தது சுமார் 28 கோடி டாலர். அடுத்த வருஷம் சொந்த மைதான ஆட்டம் எட்டுல இருந்து ஆறாச்சு. 25 கோடிக்கு மேல வந்தும் கிட்டத்தட்ட 3.8 கோடி துண்டு விழுந்துச்சு! டிவி உரிமை, டிக்கெட், நன்கொடைன்னு ஃபுட்பால் சம்பாதிக்கிறதுலதான் நீச்சல், வாள்சண்டைன்னு மத்த டீமெல்லாம் ஓடுது.

சின்னகாலேஜ்காரன்:
எங்க கதை தலைகீழ், டீமுக்கு நாங்கதான் காசு கொடுக்கணும். செமஸ்டர் பில்லுல "அத்லெட்டிக்ஸ் ஃபீ"ன்னு ஒரு வரி. ஆபீஸ்ல போய்க் கேட்டா, "மேட்ச் டிக்கெட் இலவசம்தானே"ன்னாங்க. ரெண்டு வருஷத்துல பார்த்தது ஒரே மேட்ச், அதுவும் மழையில. இந்த மாதிரி காலேஜுக்கு இன்னொரு வரும்படி, பெரிய டீம் மைதானத்துக்குப் போய் அடி வாங்கிட்டு வர்றதுக்குக் கூலி. சில சமயம் அது பெரிய டீமையே திரும்பிக் கடிக்கும். 2007-ல மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலேச்சியன் ஸ்டேட்ங்கிற சின்ன டீமைக் கூப்பிட்டு 34-32-ன்னு தோத்துச்சு.

லேப்மாமா:
2013-ல நான் டீச்சிங் அசிஸ்டென்ட். திங்கட்கிழமை லேப்புக்கு ஒரு ஃபுட்பால் பையன் முழங்கால்ல ஐஸ் பை கட்டிட்டு வருவான். உருகுற தண்ணி லேப் ஷீட்ல சொட்டும், அவன் பாட்டுக்குத் தூங்குவான். கடைத்தெருவுல அவன் நம்பர் போட்ட ஜெர்சி விக்கும், அவனுக்கு ஒரு சென்ட் கிடையாது. பேரை, முகத்தை வச்சு சம்பாதிக்க ஆட்டக்காரங்களை விட்டதே 2021 ஜூலையிலதான். ஆட்டக்காரங்க போட்ட வழக்குல 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட சமரசப்படி ஒரு காலேஜ் முதல் வருஷம் 2.05 கோடி டாலர் வரைக்கும் ஆட்டக்காரங்களுக்கு நேரடியாவே பங்கு கொடுக்கலாம். பழைய ஆட்டக்காரங்களுக்கும் 280 கோடி டாலர் உண்டு, ஆனா 2016-ல இருந்து ஆடினவங்களுக்குத்தான்.

அந்த ஈர ஷீட்டுக்கு நான் பத்துக்கு ஏழு போட்டேன்.