முன்கண்ணாடி மாற்றிய காரின் கமராவை யாரிடம் சரிபார்க்கலாம்?

வணக்கம் உறவுகளே. கல் பட்டு வெடித்த முன்கண்ணாடியை அண்ணாவின் ஜப்பான் காருக்கு மாற்றினோம். அதன் உட்புறம், மேலே இருக்கும் கமராதான் முன்னால் வருவதைக் கண்டு பிரேக் பிடிக்க வைப்பது. கண்ணாடி மாறினால் கமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். கோணம் இம்மியளவு பிசகினாலும் தூரத்தில் அது பெரிய விலகலாகிவிடும். கராச்சில் கணினியைச் செருகிப் பார்த்து, பிழைக்குறி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். குறி இல்லை என்பதற்காகக் கமரா நேராகப் பார்க்கிறது என்று எப்படி நம்புவது?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் கமரா பார்த்துச் சரிசெய்துகொள்ளும் இலக்குப் பலகையை முன்னால் வைத்து, சமதளத்தில் அளந்து செய்பவர்கள் இருக்கிறார்களா? யாழ்ப்பாணம் என்றாலும் போவோம்.

இன்னொன்று. புதிய கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனைகளில் மனிதர், சைக்கிள், கார் வடிவப் பொம்மைகளை வைத்துத் தானியங்கிப் பிரேக்கைப் பார்க்கிறார்கள். நம் ஏ9 வீதியிலோ இரவில் கட்டாக்காலி மாடுகள் தாரில் படுத்திருக்கும். கறுத்த மாடென்றால் விளக்கொளியில் கண் மட்டுமே மின்னும். உங்கள் வாகனம் மாட்டைக் கண்டு எச்சரித்ததுண்டா? வாகன வகை, ஆண்டு, வேகம் எழுதுங்கள். வீதியில் யாரும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து. அண்ணா இரவில் நோயாளரை ஏற்றிப் போகிறவர். விரைவாகப் பதில் தந்தால் பேருதவி.