பம்ப் ஷாட்கன்: முதலில் எதை மாட்டுவது?

கேள்வி:
மொஸ்பெர்க் 500 வாங்கியிருக்கிறேன். 12 கேஜ் (குழல் அளவு). உரிமம், அடிப்படைப் பயிற்சி எல்லாம் முடிந்தது. வீட்டுப் பாதுகாப்புக்குத்தான். டார்ச், ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி), லேசர், பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கி மாதிரிப் பிடி) என்று ஆசைப்பட்டதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் காசுக்கு ஒன்றிரண்டுதான் தேறும். எதில் தொடங்கலாம்? என் மனைவியும் இதிலேயேதான் பழகுகிறாள்.

பதில் 1:
உங்கள் கடைசி வரியைப் பார்த்ததும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது. முதலில் டேப்பை எடுத்து, விசையிலிருந்து தோள்கட்டையின் பின்முனை வரை அளந்து பாருங்கள். புதிதாக வரும் கட்டை பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். சற்றுக் குள்ளமானவர் அதைப் பிடித்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், உதை தோளில் இறங்காமல் மேல்கையில் இறங்கும். பம்பை, அதாவது குழலுக்குக் கீழே முன்னும் பின்னும் இழுக்கும் பிடியை, முழுதாக இழுக்கவும் கை வராது.

என் மனைவிக்கு ஒரே நாளில் நாலு தடவை மக்கர். காலித் தோட்டா பாதியில் நிற்கும், அடுத்தது ஏறாது. நான் துப்பாக்கியில்தான் கோளாறு என்று முழுசாகக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன், மகா புத்திசாலி! பிறகு 12.5 அங்குலக் கட்டை மாற்றினோம். அன்றோடு தொல்லை தீர்ந்தது. நான் நல்ல உயரம். எனக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது.

அடுத்த காசு டார்ச்சுக்கு. பம்ப் பிடியிலேயே வருவது நல்லது. இருட்டில் நிற்பது யார் என்று தெரியாமல் விசையில் விரல் போகவே கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்த பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

பிஸ்டல் கிரிப் வேண்டாம். 500-இல் சேஃப்டி மேலே, கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது. கிரிப் மாட்டினால் பிடியை விட்டுத்தான் அதைத் தொட முடியும். ரெமிங்டன் 870 என்ற இன்னொரு பம்ப் ஷாட்கனில் அது விசைக்குப் பின்னால் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் எதை மாட்டுவதற்கும் முன்னால் தோட்டாவுக்குச் செலவு செய்யுங்கள். வீட்டுக்குள் அதிகபட்சத் தூரம் எவ்வளவு என்று நடந்து அளந்து, அதே தூரத்தில் பெரிய காகிதம் ஒட்டிச் சுடுங்கள். என் துப்பாக்கியில் 9 பெரிய குண்டு உள்ள டபுள்-ஓ பக்‌ஷாட்டில் எட்டு குண்டு ஓர் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தது, ஒன்று மட்டும் ஒரு சாண் தள்ளிப் போனது. 8 குண்டுத் தோட்டாவுக்கு மாறினேன், அந்த ஓடுகாலி நின்றது. வேறு துப்பாக்கியில் வேறு மாதிரி விழும், அதனால் என் காகிதத்தை நம்பாதீர்கள்.

பக்கவாட்டில் தோட்டாப்பட்டை மாட்டினால் திருகை வெறியோடு முறுக்காதீர்கள். சில துப்பாக்கிகளில் பம்பே இறுகிவிடும்.

பதில் 3:
துப்பாக்கியை எடுத்து வைக்கும்போது சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) தோட்டா வேண்டாம், மேகசினில் (மற்ற தோட்டாக்கள் இருக்கும் குழாய்) மட்டும். சேஃப்டி பெரும்பாலும் விசையைத்தான் தடுக்கும். கீழே விழுந்தால் வெடிக்காது என்று அதை நம்ப முடியாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டிய பெட்டி. லேசர் எதற்கு?

கேட்டவர்:
அளந்தேன், கிட்டத்தட்ட 14. மனைவியிடம் காட்டினேன். “முதல் நாளே கை எட்டலைன்னு சொன்னேனே, நீங்கதான் பழகப் பழக வரும்னீங்க” என்கிறாள். பட்டியலிலிருந்து லேசரை அடித்துவிட்டேன். கட்டைக்கு ஆர்டர் போட்டாயிற்று.