ஓட்டுநர் உரிம எழுத்துத் தேர்வு: படித்தும் மனத்தில் நிற்கவில்லை

கேள்வி:
ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஓரிரு மதிப்பெண்ணில் தவறவிட்டேன். கையேட்டை வரிவரியாகப் படித்திருந்தும், சாலைக் குறிகளும் வேகக் கணக்குகளும் கேள்வியாக வரும்போது குழப்பிவிடுகின்றன. எப்படிப் படிக்கலாம்?

மறுமொழி 1:
குறியிலுள்ள படத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் வடிவத்தைப் பாருங்கள். சாலைக் குறிகள் பற்றிய 1968-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையைத் தழுவிய நாடுகளில் பெரும்பாலும் சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடை, நீல வட்டம் கட்டாயம். தலைகீழ் முக்கோணம் ‘வழிவிடுக’ என்பதற்கும், எண்கோணம் ‘நில்’ என்பதற்கும் தனியே ஒதுக்கப்பட்டிருப்பதால், எழுத்து அழிந்திருந்தாலும், பலகையின் பின்புறம் மட்டுமே தெரிந்தாலும் அது இன்னதென்று கண்டுகொள்ளலாம். இதை அறிந்த பிறகுதான் எனக்குப் பாதிச் சுமை குறைந்தது.

மறுமொழி 2:
வேகக் கணக்குகளை உருப்போடாதீர்கள், போட்டுப் பாருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர் என்பதால், ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆனாலே வண்டி 20 மீட்டர் கடந்திருக்கும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்; தேர்வில் பலர் வழுக்கி விழும் இடம் இது. அபராதத் தொகைகளை மட்டும் (அலுப்பான வேலைதான்) மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அந்தக் கேள்விக்கு நான் இரண்டு முறையும் ‘இருமடங்கு’ என்றே குறித்திருந்தேன்.