ரியோகோ தமுரா: இரண்டு வெள்ளிப் பதக்கங்களுக்குப் பின் எப்படி மீண்டார்?

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். மாகாண மட்ட ஜூடோ இறுதிப் போட்டியில் தோற்று வந்ததிலிருந்து, சாதாரண தரம் படிக்கும் என் தங்கை பயிற்சிக்குப் போக மறுக்கிறாள். தன் உயரம் போதாது என்பதே அவளது முடிவு. 146 சென்றிமீற்றர் உயரமே உடைய ஜப்பானிய வீராங்கனை ரியோகோ தமுராவைப் பற்றி, குறிப்பாக அவர் தோற்ற காலத்தைப் பற்றி, அறிந்தவர்கள் எழுதினால் அவளிடம் வாசித்துக் காட்டுவேன்.

பதில் (பண்டாரவளை):
தம்பி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 48 கிலோ பிரிவின் அரையிறுதியில், நான்கு முறை உலகச் சாம்பியனான பிரித்தானியாவின் கரன் பிரிக்ஸை வென்றபோது தமுராவுக்கு வயது 16; இறுதியில் பிரான்ஸின் செசில் நோவாக்கிடம் தோற்றார். பின்னர் 84 போட்டிகளைத் தொடர்ச்சியாக வென்று 1996 அட்லாண்டா இறுதிக்கு வந்தவரை, அதிகம் அறியப்படாத வட கொரியச் சிறுமி கே சுன்-ஹுய் வீழ்த்தினார். அவருக்கும் அப்போது வயது 16! என் கணிப்பில், தமுராவின் வாழ்வில் கனமான பகுதி அதற்கு அடுத்த நான்கு வருடங்களே. 1997இலும் 1999இலும் உலகப் பட்டம் வென்றும், ஒலிம்பிக் தங்கம் இல்லாத குறை அவரைத் தொடர்ந்தது. “அதிகபட்சம் தங்கம், குறைந்தபட்சமும் தங்கம்” என்று சொல்லிவிட்டே 2000இல் சிட்னிக்குப் போனார். இறுதியில் ரஷ்யாவின் புருலெத்தோவாவை ஒரு நிமிடம் ஆகுமுன்னரே எறிந்து முழுப்புள்ளி பெற்றார். 2004 ஏதென்ஸிலும் தங்கம். திருமணத்தின் பின் தானி என்ற பெயரில், தாயான பிறகு, 2007இல் ஏழாவது உலகப் பட்டத்தையும் வென்றார்.

பதில் (நுவரெலியா, பயிற்றுநர்):
உயரக் குறைவு ஜூடோவில் பல வேளை அனுகூலமே. தமுராவுக்குப் பேர்போன செயோ நகே எறியில், எதிராளியின் சட்டைக் கையையும் கழுத்துப் பட்டியையும் பிடித்தபடி உள்ளே திரும்பி, அவருடைய இடுப்புக்குக் கீழே நம் இடுப்பை இறக்க வேண்டும்; உயரமானவருக்கு அதற்கு அதிகம் தாழ வேண்டியிருக்கும். (எடைப்பிரிவுக்காகத் தண்ணீர் குடிக்காமல் கிடக்க மட்டும் விடாதீர்கள்.) தங்கை எப்படித் தோற்றார்? எறியப்பட்டா, தண்டனையாலா?

கேள்வி கேட்டவர்:
தண்டனையால்தான் சேர். எதிராளி பட்டியைப் பிடிக்க வரும்போதெல்லாம் பின்வாங்கியதால் மூன்றாவது சிடோ (சிறு தண்டனை; மூன்று சேர்ந்தால் தோல்வி) கொடுத்துவிட்டார்கள்.

பதில் (நுவரெலியா, பயிற்றுநர்):
2008 பெய்ஜிங் அரையிறுதியில், ருமேனியாவின் அலினா துமித்ருவிடம் தானி தோற்றதும் எறியப்பட்டு அல்ல, தண்டனையால்தான். பிறகு வெண்கலம் வென்றார். உங்கள் தங்கைக்கு வேண்டியது பிடிப் பயிற்சி. தன்னைவிட உயரமான ஒருவருடன், எறியாமல், முதல் பிடியை யார் பெறுவது என்று மட்டும் தினமும் பழகச் சொல்லுங்கள்.