மாருதி 800: ஆயில் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆகுது, லெவல் குறையாம ஏறுதே?

ஸ்ரீரங்கம்_97மாடல்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட மாருதி 800, 97 மாடல், கார்பரேட்டர் வண்டி. அவர் போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஷெட்லயே நின்னுச்சு, விக்க மனசு வரல, போன மார்கழில பேட்டரி மாத்தி எடுத்து ஓட்ட ஆரம்பிச்சேன். வாரத்துக்கு ரெண்டு தடவ மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும்தான், எல்லாமே மூணு நாலு கிலோமீட்டருக்குள்ள.

ரெண்டு மாசம் முன்னாடி நானே ஆயில் மாத்துனேன், வாழ்க்கைல முதல் தடவ. 20டபிள்யூ-40 மினரல் ஆயில், அளவு ஜக்குல அளந்து ரெண்டே முக்கால் லிட்டர் ஊத்துனேன், டிப்ஸ்டிக்ல ஃபுல் கோட்டுக்கு கொஞ்சம் கீழ நின்னுச்சு. பில்டரும் புதுசு. இப்ப 300 கிலோமீட்டர் கூட ஓடல, நேத்து பாத்தா லெவல் ஃபுல் கோட்டத் தாண்டி விரல் அகலத்துக்கு மேல நிக்குது, நான் ஒரு சொட்டு கூட ஊத்தல. வண்டி சூடானதும் சிக்னல்ல நிக்கும்போது செவப்பு ஆயில் லைட்டு லேசா மின்னுது, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா அணைஞ்சிருது.

பக்கத்துல ஒருத்தர்ட்ட காட்டுனேன், பழைய இன்ஜின் அப்படித்தான் இருக்கும், இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலுக்கு மாத்திட்டு கூட ஒரு பாட்டில் கெட்டி மருந்து ஊத்துங்க, அதுக்கு முன்னாடி டீசல் ஊத்தி பத்து நிமிஷம் ஓடவிட்டு கழுவிடலாம்னாரு. எனக்கு மனசு ஒப்பல. மாத்துன விதத்துலயே நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? அப்பா இந்த வண்டிய புள்ள மாதிரி வச்சிருந்தாரு, என் கைல வந்து கெட்டுப்போகக் கூடாது.

துவரங்குறிச்சி_ஒர்க்‌ஷாப்:

தம்பி, வண்டிய இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயில் தானா ஏறாது, உள்ள வேற ஏதோ எறங்குது. ஒண்ணு தண்ணி இல்லன்னா பெட்ரோல். டிப்ஸ்டிக்க உருவி மூக்குகிட்ட வச்சுப் பாருங்க. ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி, ஹெட் கேஸ்கட்டப் பாக்கணும், இன்ஜினோட ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு அது. (ஃபில்லர் மூடிக்கு அடியில மட்டும் கொஞ்சம் வெள்ளையா நுரை மாதிரி இருந்தா பயப்படாதீங்க, கிட்டக்க கிட்டக்க ஓட்டுற வண்டில ஈரம் காயாம அப்படி படியும்.) கருப்பாவே இருந்து தண்ணியா ஓடி பெட்ரோல் வாசம் அடிச்சா நான் முதல்ல சந்தேகப்படறது ஏசி பம்ப். ஒர்க்‌ஷாப்ல பெட்ரோல் பம்ப அப்படித்தான் சொல்லுவோம், ஏர்கண்டிஷனுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. உங்க வண்டில அது ஹெட்ல பக்கவாட்டுல ரெண்டு போல்ட்ல உக்காந்திருக்கும், வால்வத் தொறந்து மூடுற கேம்ஷாஃப்ட்தான் அத அமுக்கி அமுக்கி பெட்ரோல இழுக்க வைக்கும், உள்ள ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கு. ரெண்டு வருஷம் காஞ்சு கெடந்த ரப்பர் திரும்ப ஓட ஆரம்பிச்சதும் கிழிஞ்சிருக்கும், கிழிஞ்ச எடம் வழியா பெட்ரோல் நேரா இன்ஜினுக்குள்ள போயி ஆயில்ல கலக்கும். லெவல் ஏறுறதுக்கும் காரணம் அதுதான், லைட்டு மின்னுறதுக்கும் அதுதான், ஏன்னா ஆயில் பெட்ரோலோட சேந்து நீர்த்துப் போனா ஐட்லிங்ல பிரஷர் நிக்காது. இதுல 20டபிள்யூ-50 ஊத்துனா அதுவும் ஒரு மாசத்துல நீர்த்துப் போகும், அவ்ளோதான். லைட்டு அணையும், ஆனா பேரிங் தேஞ்சுட்டே இருக்கும்.

கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்றத அடைக்கிற ஊசி வால்வு ஒழுகுனாலும் இப்படி ஆகும், அதையும் பாருங்க. சோக் இழுத்த மேனிக்கே ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துற பழக்கம் இருந்தா அதுவும் கொஞ்சம் கொஞ்சமா சேக்கும். ஆனா ரெண்டு மாசத்துல விரல் அகலம் ஏறுதுன்னா என் கணக்கு பம்ப்தான்.

டீசல் ஊத்தி கழுவுற வேலைய தயவுசெஞ்சு யாரையும் செய்ய விடாதீங்க, 22 வருஷமா இதே தொழில்ல இருக்கேன், எத்தனையோ பழைய வண்டிய இந்தக் கழுவல்தான் சாப்பிட்டுருக்கு. உள்ள வருஷக்கணக்கா படிஞ்ச கசடு கட்டியா பேந்து ஆயில் பம்போட ஸ்ட்ரெய்னர் வலைல போயி அடைச்சுக்கும், அடைச்சா ஆயில் மேல ஏறாது. போதாததுக்கு எவ்ளோ வடிச்சாலும் டீசல் உள்ள ஒரு ஓரத்துல நிக்கும், அது புது ஆயில்ல கலக்கும். நல்ல ஆயில்லயே கழுவுற குணம் இருக்கு, அத சீக்கிரம் சீக்கிரம் மாத்துனா போதும், கசடு மெதுவா கரைஞ்சு வந்துரும்.

ஸ்ரீரங்கம்_97மாடல்:

அண்ணே, உருவிப் பாத்தேன், பெட்ரோல் வாசம் நல்லாவே அடிக்குது. டிப்ஸ்டிக்லேருந்து தண்ணி மாதிரி சொட்டுது. நிறம் கருப்புதான், பால் மாதிரி இல்ல. நாளைக்கே பம்ப் வாங்கிடறேன். இத எப்படி வடிக்கணும், முறையா ஒரு தடவ சொல்லிக் குடுங்க.

துவரங்குறிச்சி_ஒர்க்‌ஷாப்:

சாதாரணமா ஆயில் மாத்தும்போது பத்து நிமிஷம் ஓட்டி சூடு பண்ணி அப்புறம்தான் வடிக்கணும், சூடா இருந்தாதான் அழுக்கும் சேந்து எறங்கும். ஆனா இந்தத் தடவ உங்களுக்கு அது வேண்டாம், பெட்ரோல் கலந்த ஆயில், இன்ஜின ஸ்டார்ட் பண்ணவே கூடாது, ஆறுன வண்டிலயே வடிங்க, ஷெட்டு கதவு தொறந்திருக்கணும், பக்கத்துல பீடி சிகரெட் அடுப்பு எதுவும் கூடாது. நீர்த்துப் போனது ஆறியிருந்தாலும் நல்லா ஓடி வரும்.

வண்டிய சமதரைல நிறுத்துங்க. ஜாக்கில மட்டும் தூக்கி அடில படுக்காதீங்க, செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீர்னு நொறுங்கும், ஆக்ஸில் ஸ்டாண்டு ரெண்டு வாங்கிக்கோங்க, உசுரு விஷயம். ஆயில் வடிக்கிற டிரெய்ன் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர்தான், ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டு முனைய மழுக்கிட்டா அடுத்த தடவ கழட்டவே முடியாது. போல்ட்டுல இருக்கற வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு, பத்து இருவது ரூபா சமாச்சாரம்தான். திரும்பப் போடும்போது முதல்ல கைலயே நாலு சுத்து போகணும், கைல போகலன்னா மரை குறுக்க ஏறுதுன்னு அர்த்தம், கழட்டி திரும்பப் போடுங்க. கடைசில ஸ்பேனர் வச்சு கெட்டியா பிடிச்சா போதும், உடம்பு பலத்தக் காட்டாதீங்க. சேம்பர்ல, அதான் அடில ஆயில் நிக்கற தொட்டில, மரை போயிடுச்சுன்னா சேம்பரையே கழட்டுற வேலை.

பில்டர் 300 கிலோமீட்டர்தானே ஓடிருக்குன்னு விடாதீங்க, அதுக்குள்ளயும் அதே பெட்ரோல் ஆயில்தான் நிக்குது, அதையும் மாத்துங்க. புது பில்டரோட ரப்பர் வளையத்துல விரலால புது ஆயில் தடவி, கையால திருகி, ரப்பர் தொட்டதுக்கு அப்புறம் முக்கா சுத்து. பில்டர் ஸ்பேனர் கழட்டறதுக்கு மட்டும்தான், டைட் வைக்க இல்ல.

பம்ப முழுசா மாத்திடுங்க, டயாஃப்ரம் மட்டும் வாங்கி ஒட்டுப்போடறது நிக்காது. பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவுல பழசுல இருந்த அதே தடிமன்ல பேக்கிங் போடணும், தடிமன் மாறுனா பம்ப் அடிக்கிற தூரமே மாறிடும். எல்லாம் முடிஞ்சதும் இக்னிஷன் காயில் வயர கழட்டி வச்சுட்டு அஞ்சு அஞ்சு செகண்டா ரெண்டு மூணு தடவ செல்ஃப் அடிங்க, செவப்பு லைட்டு அணையற வரைக்கும். அப்புறம் வயர மாட்டி ஸ்டார்ட் பண்ணி, ரேஸ் பண்ணாம ஓடவிட்டு, கீழ குனிஞ்சு பில்டர்லயும் போல்ட்லயும் சொட்டுதான்னு பாருங்க. ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு லெவல்.

கோவை_மார்க்4:

அண்ணன் சொன்னதுல ஒண்ணு மட்டும் நான் சேத்துக்கறேனுங்க, பில்டரக் கழட்டுனதும் பழைய ரப்பர் வளையம் பில்டரோட வந்துச்சான்னு திருப்பிப் பாருங்க. நெறய தடவ அது சூட்டுல இன்ஜின் பக்கமே ஒட்டிட்டு நின்னுரும், கண்ணுக்குத் தெரியாது, அதும்மேலயே புது பில்டரப் போட்டா ரெண்டு ரப்பர் ஆயிரும். ஸ்டார்ட் பண்ணுனப்ப ஒண்ணும் தெரியாது, ரோட்டுல போயி வேகம் எடுத்தப்பறம் பிதுங்கி மொத்த ஆயிலும் கொட்டிரும்.

எனக்கே நடந்ததுங்க. என்னோடது 84 அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். இதுல திருகற பில்டர் இல்லீங்க, ஒரு கிண்ணம், அதுக்குள்ள எலிமென்ட், மேல ஒரு பள்ளத்துல ரப்பர் ரிங். பழைய ரிங்கு பள்ளத்துல கல்லு மாதிரி எறுகி கெடந்துச்சு, அதுதான் அடிப்பக்கம்னு நெனச்சு மேலயே புதுச வச்சுப் பூட்டிட்டேன். சத்தி ரோட்டுல அன்னூர் தாண்டறதுக்குள்ள பிரஷர் காட்டற முள்ளு விழுந்துருச்சு. முள்ளுல ஒரு கண்ணு இருந்ததுனால உடனே ஆஃப் பண்ணுனேன், இன்ஜின் தப்பிச்சுது. இப்பவெல்லாம் ஊசி வச்சு அந்தப் பள்ளத்த நோண்டி, பனியன் வேஸ்ட்ல தொடச்சு, விரல உட்டு தடவிப் பாத்துட்டுத்தான் புதுசு போடறது.

ஆயில் கிரேடு பத்தி கேட்டீங்க. நம்மூர்ல பனி கொட்டப் போறதில்லீங்க, உங்க வண்டிக்கு 20டபிள்யூ-40 தாராளமா போதும். புது கார்க்காரங்க போடற 5டபிள்யூ-30, 0டபிள்யூ-16 எல்லாம் நல்ல ஆயில்தான், ஆனா அது இடைவெளி கம்மியா செஞ்ச இன்ஜினுக்கு. என்ற வண்டிக்கு நான் 20டபிள்யூ-50 போடறேன், அதுல கேம் மேல டேப்பெட் நேரா உரசி ஓடற அமைப்பு, துத்தநாகம் பாஸ்பரஸ் கலந்த மருந்து ஆயில்ல நல்லா இருக்கோணும். 2004ல ஏபிஐ எஸ்எம்ங்கற ஆயில் தர அளவு வந்தப்ப, புகையச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடக்கூடாதுன்னு 30 கிரேடு, அதுக்கும் மெல்லிசான ஆயில்கள்ல பாஸ்பரச 0.08 சதவீதத்துக்கு மேல போகாம வச்சுட்டாங்க. 20டபிள்யூ-50க்கு அந்த கட்டுப்பாடு இல்லீங்க.

ஓடலைன்னாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்திருங்க. நிக்கற வண்டிலதான் ஈரமும் புளிப்பும் சேந்து உள்ள அரிக்கும். பில்டர பில்லு போட்டுத் தர்ற கடைல வாங்குங்க, போலி நெறய வருது. நல்ல பில்டர்ல உள்ள ஒரு ரப்பர் வால்வு இருக்கும், வண்டி நிக்கறப்ப ஆயில் பின்னால வடியாம புடிச்சுக்கும். போலில அது பேருக்குத்தான், காலைல ஸ்டார்ட் பண்ணுனா லைட்டு அணைய நேரம் எடுக்கறத வச்சே கண்டுபுடிச்சிரலாம். காலி கேனையும் ஆணில ஓட்டை போட்டுட்டுத்தான் நான் வெளிய போடுவேன், அப்பிடியே குடுத்தா அதுல கழிவு ஆயில நிரப்பி விக்கறவங்களும் இருக்கறாங்க.

யாழ்_ஏ40:

தம்பி, உங்கட கேள்வியப் பாத்தவுடன எனக்கு அப்பாவின்ர ஞாபகம் வந்திட்டுது. எங்களிட்ட நிண்டது ஒஸ்ரின் ஏ40 கேம்பிரிட்ஜ், மேல அம்பாசடர் வச்சிருக்கிறவர் சொன்ன எஞ்சின்ர குடும்பம்தான், 1200 சிசி. 90களில பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில பெற்றோலக் கண்ணால காணேலாது, கார், மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. சின்னப் போத்தலில கொஞ்சம் பெற்றோல் வச்சு அதில ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. மண்ணெண்ணெய் லேசில ஆவியாகாது, எரியாம மிஞ்சிறது பிஸ்டன் றிங்குகளால வடிஞ்சு ஒயிலுக்க சேரும், அப்ப உங்கட காரில நடக்கிறது எங்கட காரில ஒவ்வொரு கிழமையும் நடந்தது.

அப்பா காலமை எழும்பி தேத்தண்ணி குடிக்க முதல் டிப்ஸ்டிக்க இழுத்து ஒரு துளிய பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வச்சு உருட்டிப் பாப்பார். வழுக்குதோ, இல்லாட்டி தண்ணி போல விட்டுப்போகுதோ எண்டு. மட்டம் ஏறினா சந்தோசப்படாத, அதுதான் கூடப் பயம் எண்டு சொல்லுவார். புது ஒயில் வாங்க வழியில்லாத காலம், எலிமென்ற மண்ணெண்ணெயில கழுவிக் காயவிட்டுத் திரும்பப் போட்டனாங்கள், அதுக்கு அண்டைக்கு வேற வழி இருக்கேல்லை. நீங்கள் அப்பிடிச் செய்யாதேங்கோ, உங்களுக்குக் கடையில பில்டர் கிடைக்குது. ஒயில வடிக்கேக்க உடன ஊத்திப்போடாம ஒரு வெள்ளைத் துணியில கொஞ்சம் விட்டு வெயிலில பிடிச்சுப் பாருங்கோ, மினுங்கிற தூள் இருக்கோ எண்டு. செம்பு நிறத்தில மினுங்கினா பேரிங் தேயுது.

நெல்லை_பெட்ரோல்பில்டர்:

எல்லாரும் ஆயில் பில்டரையே பேசுதீய, பெட்ரோல் பில்டர விட்டுட்டீய. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 97ல செஞ்ச ரப்பர் அதுக்கு செஞ்சது இல்ல, அண்ணாச்சி பம்ப் டயாஃப்ரம் போனதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். எத்தனால் டேங்க்ல பல வருஷமா ஒட்டிக்கிடந்த அழுக்க வேற பேத்து விடும். பம்ப் மாத்தும்போதே அந்த சின்ன பிளாஸ்டிக் பில்டரையும் ஹோஸையும் கிளிப்பையும் சேத்து மாத்திருங்க. பில்டர்ல அம்புக்குறி இருக்கும், அது பெட்ரோல் போற பக்கம் பாக்கணும். இன்ஜின் நல்லா ஆறினப்புறம் தொடுங்க. ஏர் பில்டர காத்தடிச்சு சுத்தம் பண்ணுனா உள்பக்கத்துலேருந்து வெளிய அடிக்கணும், வெளியிலேருந்து அடிச்சா தூசி பேப்பருக்குள்ள போயி ஏறிக்கிடும்.

ஸ்ரீரங்கம்_97மாடல்:

பத்து நாள் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழைய பம்ப கழட்டி கைல அமுக்குனேன், அடிப்பக்கம் வழியா பெட்ரோல் கசிஞ்சு வந்துச்சு, சந்தேகமே இல்ல. வடிச்ச ஆயில அதே ஜக்குல அளந்தேன், ரெண்டே முக்கால் ஊத்துன எடத்துல மூணரைக்கு கொஞ்சம் கம்மியா வந்துச்சு. யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன மாதிரி அம்மாவோட பழைய வெள்ளப் புடவத் துணில விட்டு வெயில்ல பாத்தேன், கருப்புதான், மினுமினுப்பு எதுவும் இல்ல. பில்டர் ரப்பர் அதோடவே வந்துடுச்சு, ஆனாலும் டார்ச் அடிச்சு விரல் வச்சு தடவிப் பாத்துட்டுத்தான் புதுச போட்டேன்.

இப்ப 120 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், சமயபுரம் போயிட்டு வந்தேன், சிக்னல்ல லைட்டு மின்னல. தினமும் காலைல லெவல் பாக்கறேன், வச்ச எடத்துலயே நிக்குது. ஒரே ஒரு சந்தேகம், இந்த பெட்ரோல் கலந்த மூணரை லிட்டர என்ன பண்றது? சாக்கடைல ஊத்த மனசு இல்ல. பக்கத்து வீட்டுல மரக்கட்டைக்கு கரையான் வராம பூச கேக்கறாங்க.

துவரங்குறிச்சி_ஒர்க்‌ஷாப்:

சந்தோஷம் தம்பி. பூசக் குடுக்காதீங்க, பெட்ரோல் இருக்கறதால தீ பிடிக்கும், கழிவு ஆயில் தோலுக்கும் ஆகாது, நீங்களும் அடுத்த தடவ கையுறை போட்டுக்கோங்க. மூடி இறுகுற கேன்ல ஊத்தி வெயில் படாம தனியா வைங்க, மேல பெட்ரோல் கலந்ததுன்னு எழுதிடுங்க. ஆயில் மாத்தற பெரிய ஒர்க்‌ஷாப்ல பேரல்ல சேத்து லைசென்ஸ் உள்ள ரீசைக்கிள் ஆளுங்களுக்கு குடுப்பாங்க, அங்க கேட்டுட்டு, பெட்ரோல் கலந்ததுன்னு சொல்லியே குடுங்க. இப்ப ஊத்துன ஆயில 1000 கிலோமீட்டர்ல ஒரு தடவ மாத்திடுங்க பில்டரோட, அப்புறம் 5000 இல்லன்னா ஆறு மாசம், எது முதல்ல வருதோ அது. பம்ப் போல்ட்டு ரெண்டையும் 500 ஓடுனதும் ஒரு தடவ ஸ்பேனர் வச்சுப் பாத்துடுங்க, புது பேக்கிங் அமுங்கி லூஸ் ஆகும்.